தலையில் பலத்த அடிபட்ட அம்மாவைத் தேற்றுவது எப்படி: ஐ.சி.யூ. வாசலிலிருந்து அடுப்படி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும், சொல்லி வைத்தாற்போல ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "என்னை யாருன்னு தெரியுதா?" அத்தை கேட்பார், சித்தப்பா கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் மூளையில் காயம்பட்டவருக்கு அது ஒரு பரீட்சை. பதில் தெரியவில்லை என்றால் பயம் வரும். தப்பாகச் சொன்னால் சுற்றி நிற்பவர்களின் முகம் வாடும், அதை அவர் கவனிப்பார். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நினைவாற்றல் பழுதாகியிருக்கும்போது, தானாக ஊகித்துச் சொன்ன தப்பான பதிலே மனதில் பதிந்துவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் மறுவாழ்வு சிகிச்சையில், தப்பு நேர இடமே கொடுக்காமல் சொல்லித்தரும் முறை ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கேட்காதீர்கள், சொல்லுங்கள். "அம்மா, நான் பெரியவ வந்திருக்கேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலைல பத்து மணி. சேலத்துல ஆஸ்பத்திரில இருக்க. வண்டில இருந்து விழுந்துட்ட, இப்ப சரியாகிட்டு வருது." இந்த நாலு வரியை வருகிற ஒவ்வொருவரும், ஒவ்வொரு முறையும், நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் பல விஷயங்களுக்கு இதுதான் அடிப்படை.

எங்கள் அம்மா ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியில் வண்டியின் பின்சீட்டிலிருந்து விழுந்தவர். அவரைத் தேற்றிய வகையில் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டதையும், டாக்டர்களும் பிசியோ சிகிச்சை தருபவர்களும் சொல்லித் தந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். மருந்து, ஆபரேஷன் விஷயங்களில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. வீட்டில் இருப்பவர்களின் பங்கு என்ன என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. ஐ.சி.யூ. வாசலில்

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். டாக்டரிடம் பேசுவதற்குக் குடும்பத்தில் ஒருவரை மட்டும் வையுங்கள். நாலு பேர் நாலு நேரத்தில் கேட்டால் நாலு விதமாகக் காதில் விழும், வீட்டில் சண்டைதான் மிச்சம்.

டாக்டர்கள் 'ஜி.சி.எஸ்.' என்று ஒரு எண் சொல்வார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்பது 1974-இல் வந்த அளவுகோல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என்று மொத்தம் 15. எதற்கும் எந்த அசைவும் இல்லையென்றாலும் குறைந்தபட்சம் 3 வரும். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் பலத்த காயம். வாயில் டியூப் இருப்பவருக்குப் பேச்சு மார்க் போட முடியாது, அதனால் மொத்த எண்ணை மட்டும் கேட்டுப் பதறாதீர்கள். "நேத்தைக்கு இன்னைக்கு எதுல மாத்தம் இருக்குங்க, கண்ணுலயா, அசைவுலயா?" என்று கேளுங்கள். அடி எந்தப் பக்கம், மண்டை எலும்பை எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் எங்கே வைத்திருக்கிறார்கள், வலிப்பு வந்ததா என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள். வீக்கத்துக்கு இடம் கொடுக்க எலும்பின் ஒரு பகுதியை எடுத்து, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பத்திரமாக வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. முன்கூட்டித் தெரியாத சொந்தக்காரர் வயிற்றுத் தையலைப் பார்த்து, "தலையில அடிபட்டதுக்கு வயித்துல எதுக்கு ஆபரேஷன்?" என்று கலவரமாவார்.

நினைவு திரும்புவது சினிமாவில் வருவது போல ஒரே நொடியில் நடக்காது. முதலில் கண் திறக்கும், ஆனால் பார்வை எங்கேயும் நிற்காது. அப்புறம் ஆளைப் பின்தொடரும். அப்புறம் "கையைப் பிடி" என்றால் ஒரு நேரம் பிடிப்பார், ஒரு நேரம் பிடிக்க மாட்டார். கண் திறந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுவிட்டு, மறுநாள் மாற்றம் இல்லையே என்று உடைந்துபோக வேண்டாம்.

2. திமிறும் நாட்கள்

நினைவு தெளியும் வழியில் ஒரு கட்டம் வரும். டியூபைப் பிடுங்குவார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார், வாழ்க்கையில் ஒரு கெட்ட வார்த்தை பேசாத அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவார். பெற்ற பிள்ளைகளுக்கு இதைப் பார்ப்பது போலக் கொடுமை வேறில்லை. ஆனால் பலருக்கும் தேறும் வழியில் வரும் கட்டம்தான் இது. இந்த நாட்களில் நடப்பது எதுவும் அவர் நினைவில் தங்காது. அன்றாட நிகழ்வுகள் மறுபடி தொடர்ச்சியாக நினைவில் நிற்கத் தொடங்கும் வரை இந்தக் குழப்ப நிலை நீடிக்கும். அது எத்தனை நாள் நீண்டது என்பது, பின்னால் எவ்வளவு தேறுவார் என்று கணிக்க டாக்டர்களுக்கு உதவும். அந்தத் தேதிகளைக் குறித்துவையுங்கள்.

சத்தத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். டிவி வேண்டாம், போனில் வீடியோ வேண்டாம். அவர் சொல்வது பொய்யாக இருந்தாலும் வாதாடாதீர்கள். "நேத்து எங்கம்மா வந்து போனா" என்று பத்து வருடத்துக்கு முன் இறந்த பாட்டியைச் சொன்னால், "பாட்டி ஞாபகம் வந்துருச்சா? பாட்டி வைக்கிற பருப்பு நல்லா இருக்கும்ல" என்று பேச்சைத் திருப்புங்கள். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நினைவில் விழுந்த இடைவெளியை மூளை கிடைத்ததை வைத்து நிரப்புகிறது.

3. டிஸ்சார்ஜுக்கு முன்னால்

டிஸ்சார்ஜ் தேதி சொன்னதும் சந்தோஷத்தில் வண்டி பிடிக்கப் போகாதீர்கள். நர்ஸ் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அவர் கண் முன்னால் நீங்களே ஒருமுறையாவது செய்து காட்ட வேண்டும்: டியூபில் கஞ்சி விடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, யூரின் பேக் மாற்றுவது, தொண்டையில் டியூப் இருந்தால் சளி உறிஞ்சுவது. குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் வீடு நின்றுவிடக் கூடாது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் சில மாதங்கள் அம்மாவைச் சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டிலோ, வாடகை வீட்டிலோ வைத்துக்கொள்ளப் பாருங்கள். வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். பனிமூட்டம் இறங்கிய இரவில் அது எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் அடிபட்டவர்களுக்குத் தலைசுற்றல் சகஜம், வளைவுப் பயணம் அதைக் கிளறிவிடும். மேடும் பள்ளமும் படிக்கட்டுமான மலை வீடு, நடை பழகும் காலுக்கு ஆகாது. "சொந்த வீட்டுக் காத்துல சீக்கிரம் தேறிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேறிய பிறகு கூட்டிப் போகலாம்.

சேலத்துக்குள் என்றாலும் வீட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் நாள் முழுக்கத் தறி ஓடும் தெரு என்றால், சத்தம் குறைவான பின்கட்டு அறையை அம்மாவுக்குக் கொடுங்கள். காயம்பட்ட மூளையால் வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ள முடியாது, சும்மா படுத்திருந்தாலே களைத்துவிடும். கட்டில் உயரம், அவர் உட்கார்ந்தால் பாதம் தரையில் படும் அளவுக்கு இருக்கட்டும். கமோட் சேர், ஏர் பெட், வீல் சேர் எல்லாம் வாடகைக்கே கிடைக்கும், உடனே விலை கொடுத்து வாங்க வேண்டாம். சுவரில் அம்மா கண்ணுக்கு நேராகத் தினசரி காலண்டர், பெரிய கடிகாரம், கீழே பெயர் எழுதிய குடும்ப போட்டோக்களை மாட்டுங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் பதில் அங்கே இருக்கும்.

4. படுக்கையும் விழுங்குவதும்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான். முதுகெலும்பின் அடி, குதிகால், இடுப்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். எலும்பு எடுத்த பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கு டியூபில் சாப்பாடு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் முக்கால் மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். டியூபைத் தண்ணீர் விட்டு அலச மறக்காதீர்கள்.

வாய்வழி எதுவும் கொடுக்கலாம் என்று விழுங்கும் திறனைப் பரிசோதித்தவர் சொல்லும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். பலர் வீட்டில் இது கேட்காமலேயே நடக்கும். "நாக்கு வறண்டு கிடக்கே, பாவம்" என்று ஒரு ஸ்பூன் தண்ணீர், கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஒரு வாய். தண்ணீர், ரசம், காபி மாதிரி நீர்த்ததுதான் அதிக ஆபத்து, விழுங்கும் தசை தயாராவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டு விட்டுவிடும். சிலருக்கு இருமல்கூட வராது, வெளியே தெரியாமல் உள்ளே போய்விடும். கெட்டியான ராகிக் கூழ், மசித்த இட்லி இவையெல்லாம் அந்தப் பரிசோதனைக்குப் பிறகு படிப்படியாக வரும். தீர்த்தத்தை நெற்றியில் தொட்டு வையுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தொண்டையில் டியூப் உள்ள வரை சாம்பிராணிப் புகை வேண்டாம். தலைக் காயத்தில் பச்சிலை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

5. எழுப்பி உட்கார வைப்பது

அம்மாவின் இடது பக்கம் பலவீனம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குவார்கள். அதைச் செய்யவே கூடாது. பலவீனமான பக்கத்துத் தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசைக்கு வலு இருக்காது. இழுத்தால் மூட்டு நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும், பிசியோவுக்குக் கையைக் கொடுக்கவே பயப்படுவார்.

முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: "அம்மா, இப்ப எந்திரிச்சு உக்காரப் போறோம்." சொன்னது மூளைக்குப் போய்ச் சேரச் சில நொடி பிடிக்கும், காத்திருங்கள். முழங்காலை மடக்கி ஒருக்களிக்க வையுங்கள். ஒரு கையை அவர் தோளுக்கு அடியில், தோள்பட்டை எலும்பைத் தாங்கும்படி கொடுங்கள். இன்னொரு கையால் இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். கால் இறங்கும்போதே உடம்பு தானாக மேலே வரும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், படுத்தே கிடந்தவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்புறம் பாதம் இரண்டும் தரையில், அவர் முழங்காலுக்கு எதிரே உங்கள் முழங்கால், இடுப்பைச் சுற்றி உங்கள் கை. அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கு கால் விரலைத் தாண்டி முன்னால் வந்தால்தான் இடுப்பு கட்டிலை விட்டு எழும். எழுந்ததும் அவர் வலது பக்கம் போட்டிருக்கும் நாற்காலிக்குத் திருப்பி மெதுவாக உட்கார வையுங்கள்.

உடை மாற்றும்போது பலவீனமான கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வெளியே வர வேண்டும். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நல்லது. ஆனால் நாற்பது வருடம் சேலை கட்டியவர் நைட்டியில் கூசுவார் என்றால், விருந்தாள் வரும்போது மேலே ஒரு துண்டு போட்டுவிடுங்கள்.

வலது மூளையில் அடி என்றால் சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் இருக்காது. கண் நன்றாக இருக்கும், ஆனால் தட்டின் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். "பாதி சாப்பாட்டை வீணாக்கற" என்று திட்டாமல், "அம்மா, இந்தப் பக்கமும் சோறு இருக்கு" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டு போங்கள். பூக் கட்டத் தெரிந்த அம்மா என்றால் கொஞ்சம் மல்லியையும் வாழை நாரையும் மடியில் போடுங்கள். பூவை மடியின் இடது பக்கம் குவித்து வைத்தால் எடுப்பதற்காகவே அந்தப் பக்கம் பார்ப்பார். சரம் கோணலாகத்தான் வரும். அதையே சாமி படத்துக்குப் போடுங்கள்.

இடது மூளையில் அடிபட்டவருக்குப் பேச்சு தடுமாறும். மனதில் இருக்கும், வார்த்தை வராது. அப்படிப்பட்டவர்களுக்கும் ஒன்று இரண்டு எண்ணுவது, சாமிப் பாட்டு, கும்மிப் பாட்டு தானாக வாயில் வரலாம். கூடவே பாடுங்கள். வார்த்தை தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடித்துவைக்காமல் கொஞ்சம் பொறுங்கள். தவிப்பு தெரிந்தால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஸ்பீச் தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. வலிப்பு

பலத்த தலைக்காயத்துக்குப் பிறகு, மாதங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், பக்கத்தில் இருக்கும் கூர்மையான, சூடான பொருட்களை நகர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் ஸ்பூன் திணிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு வரும் முதல் வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று விட்டு உடனே இன்னொன்று வந்தாலோ 108. மலையில் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்காமல் தொடங்கியதுமே கூப்பிடுங்கள்.

"இப்பதான் வலிப்பே வரலியே" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. வராமல் இருப்பதே மாத்திரையால்தான். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று எரிந்து விழுந்தால் அது அந்த மாத்திரையின் பக்க விளைவாகவும் இருக்கலாம். நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

7. அடுப்படிக்குத் திரும்புவது

நம் அம்மாக்களுக்கு அடுப்படியைவிட நல்ல சிகிச்சை அறை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கச் சொன்னால் "என்னடி சின்னப் புள்ள மாதிரி" என்று தள்ளிவிடுபவர், வெங்காயம் உரிக்கச் சொன்னால் உரிப்பார். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், சமையல் என்பது வரிசை. அடுத்தது என்ன என்று திட்டமிடுவது மூளையின் முன்பகுதி, அடிபடுவதும் பெரும்பாலும் அதுதான்.

பில்டர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். பில்டரைத் துடைப்பது, தூள் போடுவது, அழுத்தி விடுவது, வெந்நீர் ஊற்றுவது, மூடுவது, இறங்கும் வரை காத்திருப்பது, பால் காய்ச்சுவது, சர்க்கரை சேர்த்துக் கலப்பது. எட்டு வேலை. முதல் வேலையிலிருந்து தொடங்கினால் மூன்றாவதில் சிக்கி, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று அழுதுவிடுவார். அதனால் பின்னாலிருந்து வாருங்கள். ஏழு வேலையை நீங்கள் செய்யுங்கள், கடைசியாகச் சர்க்கரை போட்டுக் கலக்குவதை மட்டும் அவரிடம் விடுங்கள். சூடு ஆறிய பிறகு கொடுங்கள். டம்ளரை அப்பா கையில் கொடுப்பது அவராக இருக்கட்டும். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு, அப்புறம் மூன்று. முதல் நாளிலிருந்தே காபி முழுமையாக முடிகிறது, முடித்தவர் அம்மா. இடையில் தடுமாறினால் "அடுத்து என்ன?" என்று கேட்காதீர்கள். "இப்ப சர்க்கரை" என்று சொல்லி ஸ்பூனைக் கையில் கொடுங்கள். நாள் போகப் போக, சொல்வதற்குப் பதிலாகச் சர்க்கரை டப்பாவை லேசாக நகர்த்தினாலே போதும் என்றாகும்.

காபி ருசியே இல்லை என்று சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். தலையில் பலத்த அடிபட்டவர்களில் பலருக்கு மோப்பம் போய்விடும், மூக்குக்கு மேலே ஓடும் நுண்ணிய நரம்புகள் அறுந்திருக்கும். ஏற்காட்டுக் காபித் தூளை மூக்கருகே பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்த அம்மாவுக்குக் கேஸ் கசிவதும் தெரியாது, பால் கெட்டதும் தெரியாது, எண்ணெய் தீய்வதும் தெரியாது. வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவதை வேறொருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சக் குழம்பில் கிழமை எழுதி ஒட்டுங்கள். உப்பு, காரம், புளிப்பு நாக்குக்குத் தெரியும், எலுமிச்சையும் ஊறுகாயும் கைகொடுக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்விதான் வேண்டாம். விருப்பத்தைக் கேட்கும் கேள்வி நிறைய வேண்டும். "இன்னைக்கு கத்தரிக்காயா, முருங்கைக்காயா?" என்று இரண்டையும் கையில் வைத்துக் காட்டிக் கேளுங்கள். "என்ன சமைக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் திகைப்பார். இரண்டில் ஒன்று என்றால் தேர்ந்தெடுப்பார். வீட்டு முடிவுகளை அத்தனை வருடம் எடுத்தவர் அவர். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவர் கணக்கில் வருகிறது என்றால், எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, கூடவே உட்கார்ந்து எண்ணுங்கள். ஏ.டி.எம். எண்ணை மட்டும் ரகசியமாக வையுங்கள், காயத்துக்குப் பிறகு யார் போனில் கேட்டாலும் சொல்லிவிடக் கூடும்.

8. "இது எங்க அம்மாவே இல்லை"

உடல் தேறிய பிறகு வரும் கஷ்டம் இது. ஊருக்கு அம்மா நன்றாகிவிட்டார். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு அம்மா எடுத்ததற்கெல்லாம் கத்துவார், இன்னொருவர் சம்பந்தமில்லாமல் அழுவார், சிரிப்பார். மூன்றாமவர் காலை முதல் மாலை வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், பல் தேய்க்கக்கூட எழ மாட்டார். இந்த மூன்றாமவரைத்தான் "சோம்பேறித்தனம் பழகிடுச்சு" என்று ஊர் பேசும். ஒரு வேலையைத் தானாகத் தொடங்க வைக்கும் பகுதி பழுதாகியிருக்கிறது, அவ்வளவுதான். "போய்ப் பல்லைத் தேய்" என்று பத்து முறை சொல்வதைவிட, கூடவே எழுந்து நடந்து, பேஸ்ட் வைத்த பிரஷைக் கையில் கொடுங்கள். தொடங்கிவிட்டால் பலர் தாங்களே முடித்துவிடுவார்கள்.

கோபம் எப்போது வருகிறது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மாலையில், களைப்பில், இல்லையென்றால் குக்கர் விசிலும் டிவியும் பேரப்பிள்ளைகள் சத்தமும் சேரும்போது வரும். முக்கியமான வேலைகளைக் காலையில் வையுங்கள், மதியம் கட்டாயத் தூக்கம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்க எந்தச் சேலத்து அம்மாவுக்கும் மனம் வராது. ஆனால் அந்தக் கூட்டமும் மேளமும் அவரைச் சாய்த்துவிடும். பண்டிகைக்கு முன்னாலேயோ பின்னாலேயோ ஒரு சாதாரண நாள் விடியற்காலை கூட்டிப் போய் நிதானமாகக் கும்பிட வையுங்கள்.

பேத்தி, பேரனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "பாட்டி தலைல அடிபட்டதால கோவம் சீக்கிரம் வருது, உன் மேல இல்ல." மனச்சோர்வும் இந்தக் காயத்தோடு அடிக்கடி வரும். சாப்பாடு, தூக்கம் குறைந்து "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் பேசலாம்.

9. பணமும் காகிதமும்

சாலை விபத்து என்றால், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதற்குள் முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி உடனே விண்ணப்பியுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இதற்கென்று ஒரு மேஜை இருக்கும்.

எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்லும் ஒரே பையில் இருக்கட்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐ.சி.யூ.வுக்கும் வீட்டுக்கும் ஓடுவதில் அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். "வேலைக்குப் போகாத பொம்பளைக்கு என்ன வருமான இழப்பு?" என்று யாராவது கேட்டால் ஏமாறாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெண் என்ற ஒரு காரணம் போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ சிகிச்சை தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். நிலைமை ஓரளவு நிலைத்த பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகள் உண்டு. தங்கிச் சிகிச்சை பெறும் அளவுக்குத் தேவை என்றால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையமும், மூளை, மனநலச் சிகிச்சைக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் உள்ளன. சேலம் ஜங்ஷனிலிருந்து காட்பாடிக்கும் பெங்களூருக்கும் நேராக ரயில் இருக்கிறது. பாகாயம் மையம் உருவாகக் காரணமாக இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே டாக்டராக வேலை பார்த்தவர். அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

10. கவனிப்பவர்

எல்லாப் பாரமும் ஒரு மகள் தலையிலோ மருமகள் தலையிலோ வந்து விழும். மற்றவர்கள் போனில் "எப்படி இருக்காங்க?" என்று கேட்பதோடு சரி. அது நியாயமில்லை. காகிதத்தில் எழுதிப் பிரியுங்கள்: இரவில் திருப்பிப் படுக்க வைப்பது யார், மாத்திரைப் பொறுப்பு யாருடையது, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருப்பது யார், வெளியூரில் உள்ளவர் மாதம் எவ்வளவு அனுப்புகிறார். ஆண் பிள்ளைகள் அம்மாவைக் குளிப்பாட்ட முடியாது என்றால் சமைக்கலாம், துணி துவைக்கலாம். அப்பாவுக்கும் ஒரு வேலை வேண்டும். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசுவது அவரால் முடியும், அம்மாவுக்கும் அது மருந்து. கவனிக்கிறவர் வாரத்தில் ஒரு இரவாவது முழுத் தூக்கம் தூங்க வேண்டும்.

11. மாதங்கள் போன பிறகு

வேகமான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் தெரியும். அதற்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. இரண்டு வருடம் தாண்டியும் புதிதாக ஒன்று கைவருவதைப் பார்க்கலாம். எடுத்த எலும்பைத் திரும்ப வைக்கும் தேதியைக் கேட்டு வையுங்கள். அது வரை நடக்கும்போது தலைக்குப் பாதுகாப்புத் தொப்பி அவசியம்.

நன்றாகத் தேறி வந்தவர் திடீரென்று பின்னால் போனால் காத்திருக்கக் கூடாது. நடை தடுமாறுவது, மறுபடி சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, நாள் முழுக்கத் தூக்கம், காலையில் தலைவலியுடன் வாந்தி, எலும்பு இல்லாத இடம் புடைப்பது இவையெல்லாம் மூளையில் நீர் சேர்வதற்கோ, பழைய ரத்தம் தேங்குவதற்கோ அறிகுறிகள். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ஒரு சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும்.

ரிவ்யூவுக்குப் போகும்போது பழைய ஸ்கேன் பிலிம், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், வலிப்பும் கோபமும் வந்த நாட்களை எழுதிய அந்த நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். டாக்டர் உங்களைப் பார்த்து "எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், முதலில் அம்மா பக்கம் திரும்பி அவரைப் பேச விடுங்கள். விட்டுப்போனதை நீங்கள் அப்புறம் சேர்க்கலாம்.